மடையான் கறி கேட்டு வருகிறவர்களுக்கு

தீபாவளிக்கு ஊருக்கு வந்த அக்கா மகன் காரை விட்டு இறங்கித் திண்ணையில் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "மாமா, இங்க மடையான் கறி எங்க கிடைக்கும்?"

சென்னையில் நல்ல வேலையில் இருக்கிறான். கூட ரெண்டு நண்பர்களையும் அழைத்து வந்திருந்தான். வழியில் ஒரு கடையில் விசாரித்தார்களாம். "இன்னிக்கு இல்லை, நாளைக்குச் சாயந்திரம் வாங்க"ன்னு கடைக்காரர் சொன்னாராம். "டெல்டாவுக்கு வந்துட்டு மடையான் சாப்பிடாமப் போனா எப்படி?" என்று அவன் நண்பர் ஒருவர் சிரித்தார்.

அப்போது நான் திண்ணையை ஒட்டி மூங்கிலைச் சீவிக்கொண்டிருந்தேன். சம்பா வயலுக்கு நடவேண்டிய குச்சிகள். மருமகன் அதைப் பார்த்துவிட்டு, "இது கொக்கு பிடிக்க நடுற குச்சியா மாமா? வீடியோல பாத்திருக்கேன்" என்றான்.

இல்லை என்றேன். ஆனால் அந்தக் கேள்வி நாலு நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால் அந்தக் குச்சியையும் நான் செய்திருக்கிறேன். ரெண்டையும் செய்த கை என்பதால், ரெண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பழைய குச்சி.

எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் பெரியப்பா ஒருத்தர் மூங்கில் வேலையில் கெட்டிக்காரர். கூடை, முறம், மீன் பிடிக்கிற ஊத்தா எல்லாம் செய்வார். நடவுக்குச் சேறடிக்கிற காலத்தில் கொக்கு பிடிக்கிற ஆட்கள் அவரிடம் குச்சி கேட்டு வருவார்கள். முழங்கை நீளத்துக்கு முளைக்குச்சி. அடிப்பக்கம் கூர். மேல்பக்கம் கயிறு நழுவாமல் நிற்க ஒரு வெட்டு. அந்த வெட்டைப் போடுகிற வேலை எனக்கு. பத்துக் குச்சிக்கு எனக்கு ஒரு தேன்மிட்டாய்.

குச்சி எதற்கு என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது. சேறடித்த வயலில் வலையை விரித்து மறைத்து வைப்பார்கள். வலை ஓரத்தில் அந்தக் குச்சியை இறக்கி, உயிரோடு இருக்கிற ஒரு கொக்கையோ மடையானையோ அதில் கட்டுவார்கள். கீற்றுத் தட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற ஆள் கயிற்றைச் சுண்டினால் அது இறக்கையை அடிக்கும். மடையான் சும்மா உட்கார்ந்திருந்தால் சேத்து நிறம்தான், பக்கத்தில் போனாலும் தெரியாது. இறக்கையை விரித்தால் பளீரென்று வெள்ளை. தூரத்தில் பறக்கிற கூட்டம் அதைப் பார்க்கும். நம்ம ஆள் ஒருத்தன் அங்கே இரை எடுக்கிறான், பயமில்லை என்று இறங்கும். வலை மூடும்.

ஒருநாள் குச்சியைக் கொடுத்துவிட்டு வரப் போனபோது, கட்டியிருந்த மடையானைக் கிட்டத்தில் பார்த்தேன். அதன் இமை ரெண்டையும் சேர்த்து நூலால் தைத்திருந்தார்கள். கண் தெரிந்தால் மிரண்டு துள்ளி மற்றதை விரட்டிவிடுமாம். கண்ணை மூடினால் அடங்கி நிற்குமாம். நான் பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நம்ம வேலை குச்சியோட சரிடா" என்றார். அந்தப் பதில் அப்போது போதுமானதாக இருந்தது. தேன்மிட்டாயும் போதுமானதாக இருந்தது.

கொக்கு தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற கதையை நாம் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். வெண்ணெய் உருகிக் கண்ணை மறைக்கும், அப்புறம் பிடிக்கலாம் என்று. நேரில் பார்த்தால் சிரிப்பு வராது. இன்னொன்றும் சொல்கிறேன். இனத்தைக் காட்டி இனத்தைப் பிடிக்கிற இந்த விலங்குக்கும் பறவைக்கும் பழைய தமிழில் 'பார்வை' என்று பெயர். அகராதியில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். கண்ணைத் தைத்த பறவைக்குப் பெயர் பார்வை.

இப்போது புதுக் குச்சி.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்ததே, அதற்கு முன்னால் எங்கள் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் மரம் இருந்தது. பூவரசு, வேம்பு, தென்னை. பகலில் கரிச்சான் அதில் உட்கார்ந்து வயலைப் பார்த்துக்கொண்டிருக்கும். ராத்திரியில் ஆந்தை உட்காரும். ஒரே ராத்திரியில் எல்லாம் படுத்துவிட்டது. தென்னை போனதைப் பற்றி எல்லோரும் பேசினோம், நிவாரணம் கேட்டோம். குருவி உட்கார இடம் போனதைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அடுத்த ரெண்டு பட்டமும் எனக்கு இலைச்சுருட்டுப் புழு தொல்லை. எலியும் அதிகம். எல்லாம் மரம் போனதால்தான் என்று சொல்ல மாட்டேன். பூச்சிக்கு நூறு காரணம் உண்டு. ஆனால் வேளாண்மைத் துறை ஆட்கள் கூட்டத்தில் 'பறவைத் தாங்கி வையுங்கள்' என்று சொன்னபோது, மற்ற நேரமாக இருந்தால் காதில் வாங்காதவன், அன்றைக்கு வாங்கிக்கொண்டேன். எங்கள் ஊரில் அதற்கு 'டி குச்சி'ன்னு பேர். இங்கிலீஷ் டி எழுத்து மாதிரி, நெட்டுக்கு ஒரு குச்சி, குறுக்கே ஒரு குச்சி. ஹெக்டேருக்கு 50 வரை வைக்கச் சொல்கிறார்கள். ஏக்கருக்கு 20 என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செய்வது லேசு. ஆனால் ரெண்டு மூன்று விஷயம் அடிபட்டுத்தான் தெரிந்தது. பயிருக்கு மேலே ஒரு அடியாவது குச்சி தெரியவேண்டும். பயிர் வளரும் என்பதை மறந்து முதல் வருஷம் நாலடியில் வெட்டினேன். பொங்கலுக்கு முன்னால் குச்சி நெல்லுக்குள் முங்கிவிட்டது. இப்போது ஆறடி. குறுக்குக் குச்சி விரல் தடிமன் இருக்கலாம், சொரசொரப்பாக இருக்கவேண்டும். மீந்து கிடந்த பிளாஸ்டிக் குழாயை வைத்துப் பார்த்தேன். வழவழவென்று இருந்ததாலோ என்னவோ, ஒன்றுகூட உட்காரவில்லை. கட்டுவதற்கு பழைய சைக்கிள் டியூப்பைக் கிழித்துக்கொண்டால் மழைக்கும் வெயிலுக்கும் நிற்கும். மூங்கில் இல்லாதவர்கள் வேலிக்கருவைக் கொம்பு வெட்டிக்கொள்ளலாம். தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டாலும் ஆந்தைக்குப் போதும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், அடிக் கூர். சேத்து வயலில் மேல் சேறு குச்சியைத் தாங்காது. அதையும் தாண்டி அடிமண் வரைக்கும் இறங்கவேண்டும். இல்லாவிட்டால் காலையில் நட்டது மத்தியானம் சாய்ந்திருக்கும். அந்தக் கூரை நாலு பக்கமும் சமமாகச் சீவுகிற வித்தை எனக்குப் பெரியப்பா சொல்லிக்கொடுத்தது. கொக்கு பிடிக்கிற குச்சிக்காகக் கற்றுக்கொண்டது. அதே அரிவாள், அதே சீவல்.

நட்ட மறுநாளே கரிச்சான் வந்துவிட்டது. இரட்டைவால் குருவி என்பீர்களே, அதுதான். உட்காரும், பார்க்கும், பாய்ந்து ஒரு அந்துப்பூச்சியைக் கவ்விக்கொண்டு அதே குச்சிக்குத் திரும்பும். மைனா வரும், பனங்காடை வரும், மீன்கொத்தி வரும். ராத்திரியில் கூகை. எங்கள் அம்மாவுக்கு அதில் மட்டும் வருத்தம். "வயலுக்கு ஆந்தையைக் கூப்பிடுற ஒரே ஆளு நீதாண்டா" என்பார். எலி வளை குறைந்த பிறகு அதிகம் பேசுவதில்லை.

பெருமைக்காக எதையும் கூட்டிச் சொல்லக் கூடாது. டி குச்சி எல்லாவற்றுக்கும் மருந்தில்லை. புகையான் பயிரின் தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும், அதைக் கரிச்சான் ஒன்றும் செய்யாது. கதிர் பால் பிடிக்கிறபோது குச்சியைப் பிடுங்கிவிடவேண்டும், இல்லாவிட்டால் நெல் தின்கிற குருவிக்கு நாமே நாற்காலி போட்டுக் கொடுத்த மாதிரி. பிடுங்கின குச்சியை உளுந்துக்கு மறுபடியும் நடலாம், காய்ப்புழுவுக்கு நல்லது. மடையானும் கொக்கும் இந்தக் குச்சியில் அனேகமாக உட்காராது என்பதையும் சொல்லிவிடவேண்டும். அது சேத்தில் நடந்து தின்கிற ஜாதி. பூச்சியும் தின்னும், வரப்பை ஓட்டை போடுகிற நண்டும் தின்னும், நமக்கு வேண்டிய தவளையையும் சேர்த்தே தின்னும். அதற்காக அதை வேண்டாதவன் என்று சொல்ல முடியுமா? சேறடிக்கிற டிராக்டருக்குப் பின்னால் மடையான் இல்லாத வயலை நான் பார்த்ததில்லை. பார்க்கவும் ஆசையில்லை.

போன வருஷம் தாளடிக்குச் சேறடித்த மறுநாள் விடியற்காலை, என் வயலின் கீழ்மூலையில் ஒரு தம்பி வலை விரித்துக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். வரப்பில் ஒரு பைக், அதன் பக்கத்தில் சாக்கை விரித்து நாலு வயதுப் பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. கிட்டே போனேன். முளைக்குச்சி. அதில் மடையான். கண் தைத்திருந்தது. நாற்பது வருஷத்துக்கு அப்புறம் அதே கண்ணைப் பார்த்தேன்.

"தம்பி, எடுத்துடுங்க. இந்த வயல்ல வேணாம்" என்றேன்.

"ஒரு மணி நேரம் ஐயா. பத்து விழுந்தாப் போதும், போயிடுறேன்."

"சட்டப்படி குத்தம் தம்பி. புடிச்சா ஜெயிலு."

"தெரியும் ஐயா. போன வருஷம் ஃபைன் கட்டினேன். அந்தக் கடனைக் கட்டத்தான் இந்த வருஷமும் வர்றேன்."

என்ன சொல்வது? "அந்தக் கட்டி வச்ச மடையானையாவது விட்டுடுங்க, எவ்வளவு வேணும்?" என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "அது கறி இல்லை ஐயா, அது தொழில். அதைக் கொடுத்துட்டு நான் இன்னொன்னைத் தைக்கணும்." அவர் சொன்னதில் இருந்த நியாயம் எனக்கே திடுக்கென்றது. நான் காசு கொடுத்து ஒரு பறவையைக் காப்பாற்றினால் இன்னொரு பறவைக்குக் கண் போகும்.

வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். போகிறபோது ஒன்று சொன்னார்: "நாங்க புடிக்கிறதை நாங்க திங்கிறதில்லை ஐயா. கார்ல வர்றவங்க கேக்குறாங்க, கடைக்காரர் எங்களைக் கேக்குறாரு." மறுநாள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அதே பைக்கைப் பார்த்தேன். போன் கையில்தான் இருந்தது. புகார் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் குழந்தை கண்ணில் நின்றது. நான் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இந்தச் சங்கிலியில் பிடிக்கிறவர் ஒரு கண்ணி, விற்கிறவர் ஒரு கண்ணி, தின்கிறவர் ஒரு கண்ணி. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மடையானைப் பிடிப்பதும் குற்றம், விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். நான் பார்த்த வரையில் மாட்டுகிறவர் எப்போதும் சேத்தில் நிற்கிறவர்தான். காருக்குள் உட்கார்ந்து 'ரெண்டு ப்ளேட்' என்று சொன்னவர் மாட்டி நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் வலையை விரிக்க வைப்பது அந்த ரெண்டு ப்ளேட்தான்.

மருமகனிடம் இதைச் சொன்னபோது அவன் நண்பர் கேட்டார்: "கோழி சாப்பிடுறோம், ஆடு சாப்பிடுறோம், இது மட்டும் என்ன சார்?" நியாயமான கேள்வி. நானும் கறி சாப்பிடுகிறவன்தான், சைவப் பிரசங்கம் செய்ய வரவில்லை. கோழியை நாம் வளர்க்கிறோம். குஞ்சு பொரிக்க வைக்கிறோம், தீனி போடுகிறோம், தின்றால் அடுத்த குஞ்சு வருகிறது. மடையானை யார் வளர்க்கிறார்கள்? தின்றதற்குப் பதில் ஒன்றை யார் வைக்கிறார்கள்? அதோடு, தட்டில் இருப்பது வலையில் விழுந்ததா, மருந்து தின்று விழுந்ததா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? வயலில் என்னென்ன மருந்து கொட்டுகிறோம் என்று தெரிந்த நான் அந்தக் கறியைத் தொடமாட்டேன்.

"எங்க தாத்தா சாப்பிட்டாரே மாமா, நம்ம ஊர் ருசிதானே" என்றான் மருமகன். அவன் தாத்தா என் அப்பா. சாப்பிட்டார், மறைக்கவில்லை. வருஷத்தில் ஒரு தடவையோ ரெண்டு தடவையோ, பக்கத்து வயலில் விழுந்தது வீட்டுக் குழம்பில் கொதித்தது. அன்றைக்கு ஊருக்கு ஒரு வலை. அதை நடந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். இன்றைக்கு பைக் இருக்கிறது, எந்த வயலில் சேறடிக்கிறார்கள் என்று போனில் சொல்ல ஆள் இருக்கிறது, ஐஸ் பெட்டி இருக்கிறது, ரோட்டோரத்தில் கடை இருக்கிறது. வலை அதேதான், பசி வேறே. அன்றைக்கு இருந்த மரமும் குளமும் கரையும் இன்றைக்கு இல்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"அதுக்குத்தான் சரணாலயம் இருக்கே?" இது மூன்றாவது கேள்வி. இருக்கிறது. வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் எங்கள் மாவட்டத்தில்தான். ரெண்டும் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது எங்களுக்கும் பெருமைதான். ஆனால் அங்கே பறவை தூங்கும், கூடு கட்டும். சாப்பாட்டுக்கு எங்கள் வயலுக்குத்தான் வரவேண்டும். ஏரிக்கரையில் நிற்கிற பலகை பறந்து எங்கள் வயல் வரைக்கும் வராது. வயலில் அதற்குக் காவல் யார் என்றால், வயல்காரன்தான். அப்புறம் அந்த வயல் வழியாகக் காரில் போகிற நீங்கள்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். வயலில் ஒரு குச்சியை நட்டு அதில் ஒரு பறவை இருந்தால், மேலே பறக்கிற பறவைக்கு அது ஒரு செய்தி. 'இங்கே பயமில்லை, இறங்கு' என்ற செய்தி. முதல் குச்சி அந்தச் செய்தியைப் பொய்யாகச் சொல்கிறது. ரெண்டாவது குச்சி உண்மையாகச் சொல்கிறது. பறவைக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் தெரிந்த நாம்தான் எந்தக் குச்சி நிற்கவேண்டும் என்று முடிவு செய்யவேண்டும். பெரியப்பா சொன்ன 'நம்ம வேலை குச்சியோட சரி' என்பது தப்பு. 'நம்ம வேலை ப்ளேட்டோட சரி' என்பதும் அதே தப்புதான்.

எங்கள் பக்கம் வருகிறவர்கள் மடையான், கொக்கு, உள்ளான், சிறவி என்று எதையும் கேட்காதீர்கள். கடைக்காரர் தானாகவே 'ஸ்பெஷல் இருக்கு' என்று காதில் சொன்னாலும் வேண்டாம் என்று எழுந்து வாருங்கள். பத்துக் கார் அப்படி எழுந்தால் அந்தத் தம்பியின் வலைக்கு வேலை இல்லை. அவருக்கு வேறு வேலை கிடைக்கவேண்டும் என்பது அரசாங்கம் யோசிக்கவேண்டியது. அபராதம் மட்டும் போட்டால் அந்த அபராதத்தைக் கட்டவும் அவர் மடையானைத்தான் பிடிப்பார். சேறு தெரிந்த, பறவை தெரிந்த ஆள். எந்தப் பறவை எங்கே இறங்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கே தெரியாது. சரணாலயத்தில் காவலுக்கும், வருகிறவர்களுக்கு வழிகாட்டவும் இப்படிப்பட்டவர்களைச் சம்பளத்துக்கு வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது.

விவசாயம் செய்கிற சொந்தக்காரர்கள் உங்களுக்கு ஊரில் இருந்தால், போன் பேசும்போது 'டி குச்சி வச்சீங்களா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பட்டணத்துப் பிள்ளை கேட்டால் ஊரில் ஒரு மதிப்பு உண்டு. ஒரு தடவை மருந்தடிக்கிற செலவில் பாதிகூட ஆகாது.

அன்றைக்கு மடையான் கறி இல்லை. அம்மா நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தார். சாயந்திரம் மூன்று பேரையும் வயலுக்குக் கூட்டிப்போய் ஆளுக்கு ஒரு கட்டுக் குச்சியைக் கையில் கொடுத்தேன். சேத்தில் காலை வைக்க யோசித்தவர்கள், பத்து நிமிஷத்தில் பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். இருபது குச்சி. இருட்டுவதற்குள் நட்டு முடித்தோம்.

மறுநாள் காலையில் அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது போய்ப் பார்த்தேன். பதினாலு குச்சி நேராக நின்றது. மூன்றில் கரிச்சான். ஆறு குச்சி சாய்ந்து கிடந்தது, அடிமண் வரைக்கும் இறக்கவில்லை. பிடுங்கி, மறுபடியும் நட்டுவிட்டு வந்தேன்.